ஆடி அமாவாசையன்று ஓடிப்போன கடல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், ஒரு பேக்கரிக்கு மேலிருந்த சின்ன வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை. இவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். அந்த வருசம்தான் எங்களுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. பாஸ்போர்ட் கிடைத்தால் எங்கடை சனம் முதலில் கனடாவுக்குத்தான் பறக்கும். நாங்கள் போனது பிரான்சின் வடமேற்குக் கரையில், பிரிட்டனி என்கிற பகுதியில், வரைபடத்தில் தேடினாலும் கண்ணில் படாத ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்துக்கு. எதற்கென்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுக.

காரணத்தைச் சொன்னால் சிரிக்க மாட்டீர்கள். அதற்கு முந்திய வருசக் கடைசியில் மாமா, அதாவது இவருடைய அப்பா, காலமாகிவிட்டார். ஊரிலே என்று சொல்ல ஏலாது. சண்டையில் ஊரே கிளம்பி இடம்பெயர்ந்து போய், ஆரோ முன்பின் தெரியாதவர்களின் வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்த இடத்தில், காய்ச்சல் வந்து கண்ணை மூடிவிட்டார். செய்தி எங்களுக்கு வந்து சேர முன்னமே எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. இவர்தான் மூத்த பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டிய மனுசன் லண்டனில் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றார்.

செய்தியைக் கேட்டு இவர் அழவில்லை. அன்றைக்கு ஷிப்டுக்கும் போனார். எனக்கு அதுதான் பயம். அழுதால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன், தேத்தண்ணி வைத்துக் கொடுத்திருப்பேன். இது அப்படியில்லை. ஒரேயொரு கேள்வி மட்டும் இவரைப் பிடித்துக்கொண்டது. பல்லு விளக்கும்போது கேட்பார், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பார்.

"இஞ்சரும், அப்பாவுக்கு ஆரும் சங்கு ஊதினவையோ தெரியாது."

எங்கள் பக்கத்தில் செத்த வீடென்றால் சங்குச் சத்தம் முன்னே போகவேண்டும். ஒழுங்கைக்குள்ளால் அந்தச் சத்தம் வரும்போது, சமைத்துக்கொண்டிருக்கிறவளும் அகப்பையை வைத்துவிட்டுப் படலைக்கு வந்து நிற்பாள். இன்னார் போகிறார் என்று ஊருக்கே தெரியும். ஷெல் விழுகிற இடத்தில், முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவில், ஆர் சங்கு தேடிக்கொண்டு திரியப் போகிறார்கள்? நான் மனசறிந்து பொய் சொன்னேன்: "ஊதியிருப்பினம், ஊதாமல் விடுவினமே?"

"உமக்கென்னெண்டு தெரியும்?" என்று இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா இல்லாத பிள்ளைகள் ஆடி அமாவாசைக்கு விரதமிருந்து கீரிமலைக் கடலில் முழுகி, எள்ளும் தண்ணியும் இறைப்பது எங்கடை வழக்கம். இவருடைய ஊர் அதற்குப் பக்கத்து ஊர்தான். அந்தக் காலத்தில் கீரிமலைக்கு அங்கே இருக்கிறவர்களே போக ஏலாது, எல்லாம் ஆமிக்காரன் கையில். லண்டன் கோயில் ஐயரைக் கேட்டால், கோயில் மண்டபத்திலேயே பேசின் ஒன்றில் தண்ணி வைத்துச் செய்யலாம் என்றார். "குழாய்த் தண்ணியிலையோ?" என்று இவர் முகம் சுருங்கிப்போய் வந்தார். பிரைட்டனிலும் கடல் இருக்குத்தானே என்றேன். "ஐஸ்கிரீமும் கையுமா நிக்கிற சனத்துக்கு நடுவிலை நான் வேட்டியோடை நிண்டு எள்ளு இறைக்கிறதோ?" என்றார். மனுசன் பிடித்தால் உடும்புப் பிடி.

என்னோடு உருளைக்கிழங்கு சீவுகிற ஒரு பிரெஞ்சுக்காரி இருந்தாள். இங்கிலீஷ்காரனைக் கட்டி லண்டனுக்கு வந்தவள். அவளிடம் நான் கதையோடு கதையாய்ச் சொன்னபோது, தன்னுடைய சின்னம்மா அந்தத் துறைமுகக் கிராமத்தில் இருப்பதாகவும், கோடையில் வீட்டின் மேல்தட்டை வாடகைக்கு விடுவதாகவும், கதவைத் திறந்தால் கடல், ஆளரவம் கிடையாது என்றும் சொன்னாள். கலண்டரைப் பார்த்தேன். ஆடி அமாவாசை பள்ளிக்கூட லீவுக்குள் விழுந்திருந்தது. ஐந்து வயது மகளை வால்தம்ஸ்டோவில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, பழைய காரில் வெளிக்கிட்டோம்.

கப்பலால் இறங்கின இடத்தில் சுங்கக்காரன் எங்கள் பையைத் திறந்தான். உள்ளே ஒரு பை எள்ளு, ஒரு கட்டுக் காய்ந்த தர்ப்பைப் புல்லு, பாகற்காய், முருங்கைக்காய், ஒரு செம்பு, ஒரு வேட்டி. தர்ப்பையை எடுத்து மணந்து பார்த்தான். பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டான், அவனும் மணந்தான். முருகா, புல்லுக்காக மறியலில் கம்பி எண்ணப் போகிறோமோ என்று நான் இவரைப் பார்த்தேன். கடைசியில் பாகற்காயை உருட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சனத்தோடு ஏன் வில்லங்கம் என்று நினைத்தானோ என்னவோ, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

வழி தவறித் தவறி, அமாவாசைக்கு முதல் நாள் பின்னேரம்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வளைவு திரும்பியதும் இவர் காரை நிற்பாட்டிவிட்டார். சாம்பல் கல்லு வீடுகள், நீலக் கதவுகள், வாசலெல்லாம் கொத்துக் கொத்தாய் ஊதாப்பூ. அதற்கு முன்னால் துறைமுகம் விளிம்பு தட்டக் கடல் நிரம்பி நிற்கிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சின்ன வள்ளங்கள் அதில் மெல்ல ஆடுகின்றன. ஒரு சத்தமும் இல்லை. தண்ணி கல்லுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிற சத்தம் மட்டும்தான். கனவில் வருகிற ஊர் மாதிரி இருந்தது. நான் பேசாமலிருந்தால் இவருக்கு அதிசயம், என்னை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

"படிக்கட்டிலை இறங்கினால் கடல்," என்றார் இவர். "எங்கடை ஊரிலை மாதிரி."

வீட்டுக்காரி அறுபது வயசு மதிக்கக்கூடிய மனுசி. முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, வாயில் சிகரெட், குரலோ காகத்துக்கும் கேட்கும். அவவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. கையையும் முகத்தையும் வைத்தே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் காட்டித் தந்தா. கீழ் வாசல் ஜன்னல் விளிம்பில் ஒரு சங்கு இருந்தது. எங்கடை சங்கு மாதிரி வெள்ளையில்லை, மண்ணிறப் புள்ளி போட்ட பெரிய சங்கு. இவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நுனி வெட்டியிருந்தது.

"இது ஊதுற சங்கு," என்று சொல்லி, சுட்டது போலத் திரும்ப வைத்துவிட்டார்.

அடுத்த நாள் விடிய எழும்பிப் போக வேண்டும் என்பதுதான் திட்டம். ஜன்னலால் பார்த்தேன், கடல் சுவரோடு ஒட்டித் தளும்பிக்கொண்டு நின்றது. ஆனால் சரியான மழை. கப்பல் ஆட்டத்தில் எனக்குத் தலைச்சுற்றும் இன்னும் போகவில்லை. இவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட, நான்தான் மறித்தேன்.

"இந்த மழைக்குள்ளை போய் முழுகி நியூமோனியா வந்தால் ஆர் பாக்கிறது? மழை விடட்டும், போவம். கடல் எங்கை ஓடப்போகுதே?"

இந்த வாய் இருக்கிறதே, இதைத் தைத்துத்தான் வைக்கவேண்டும்.

மழை விட்டு நாங்கள் கீழே இறங்க மத்தியானமாகப் போய்விட்டது. வீட்டுக்காரி வீட்டில் இல்லை. கதவைத் திறந்தோம். கடலைக் காணவில்லை! சத்தியமாய்ச் சொல்கிறேன், கடலைக் காணவில்லை. முதல் நாள் ஆடிக்கொண்டு நின்ற வள்ளங்களெல்லாம் சேற்றில் சரிந்து படுத்திருக்கின்றன. அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஈர மணல். "அலை எப்ப ஓயுறது, தலை எப்ப முழுகுறது" என்று சொல்வார்கள். இங்கே அலையோடு சேர்ந்து கடலே எழும்பிப் போயிருந்தது.

"எங்கை போயிட்டுது?" என்று இவர் என்னைக் கேட்டார், நான் எடுத்து ஒளித்து வைத்த மாதிரி.

யாழ்ப்பாணத்துக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்காது. எங்கடை கடல் ஒரு நாளில் முழங்கால் உயரம்கூட ஏறி இறங்காது. கீரிமலையில் நேற்று எந்தப் படியில் கால் நனைத்தோமோ இன்றைக்கும் அந்தப் படியிலேயே நனைக்கலாம். கடல் மைல் கணக்கில் வெளிக்கிட்டுப் போகும், போன வேகத்திலேயே திரும்பி வரும், அதுவும் அமாவாசை வந்தால் போக்கும் வரவும் எல்லா நாளையும் விட அதிகம் என்று எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? விரதத்துக்கு நாளைத் தெரிந்தெடுத்த நாங்கள், கடல் மிக மூர்க்கமாக நிற்கிற நாளையே தேடிப் பிடித்திருக்கிறோம்.

ஆனால் அப்போது பயமே இல்லை. ஏனென்றால் மணலில் தூரத் தூரமாய்ச் சனம். வாளியும் சின்ன மண்வாரியும் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து மட்டிச் சிப்பி பொறுக்குகிறார்கள். ஊரே திருவிழாவுக்கு வந்த மாதிரி. அவ்வளவு சனம் நிற்கிற இடத்தில் எங்களுக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தோம். வள்ளம் இறக்குகிற கல்லுச் சரிவின் தலைப்பில் என்னுடைய செருப்பையும் இவருடைய சப்பாத்தையும் கழற்றி, மேசு என்கிற காலுறையைச் சப்பாத்துக்குள் செருகி, பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு மணலில் இறங்கினோம். தீர்த்தமாடப் போகிறோம், சப்பாத்தோடு போவோமா?

அந்த நடையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஈர மணல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. வானம் முழுக்க அதற்குள் விழுந்து கிடந்தது. மேகத்துக்கு மேலே கால் வைத்து நடக்கிறோமா என்றே எனக்கு மயக்கம். எள்ளையும் தர்ப்பையையும் இவர்தான் சுமந்துகொண்டு போனார். எனக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள், நான் அந்த எள்ளைத் தொடக்கூடாது. வேட்டி, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, வெறுங்கால். மட்டி பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்துத் தொப்பியைத் தொட்டார். இவரும் செம்பை உயர்த்திக் காட்டினார். கணுக்கால் தண்ணி ஓடுகிற சின்ன வாய்க்கால் ஒன்றைக் கடந்தோம். திரும்பிப் பார்த்தால் ஊர் ஒரு சின்னத் தீப்பெட்டி, அதன் நடுவில் மாதாகோயில் கோபுரம் குத்திவைத்த ஊசி. நடக்க நடக்க எனக்கு மனசு லேசாகிக்கொண்டு போனது. மாமா செத்ததும், சண்டையும், பெற்றோல் ஸ்டேஷனும் எல்லாம் வேறு ஆருடைய கதையோ மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரு கருங்கல்லுப் பாறைக்கு அப்பால் கடல் நின்றது. பாவம் போல, பூனை மாதிரிப் படுத்துக்கிடந்தது. இவர் இறங்கி முழுகினார். என்ன குளிர்! "அம்மாளாச்சி!" என்று நான் கரையில் நின்று கத்தினேன், இவர் கத்தவில்லை. பிதிர்க்கடன் தெற்கே பார்த்துச் செய்யவேண்டும். இந்த நாட்டில் மத்தியானச் சூரியன் நிற்கிற பக்கம்தான் தெற்கு என்று இவர் கணக்குப் பார்த்து, ஊர்ப் பக்கம் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் துவாயோடு அதே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மந்திரம் தெரியாவிட்டால் பேரைச் சொல்லி விடுங்கோ என்று ஐயர் சொல்லியிருந்தார். இவர் மாமாவின் பேரைச் சொல்லி, எள்ளையும் தண்ணியையும் விட்டார். பிறகு மாமாவின் அப்பா பேர், அவருடைய அப்பா பேர். திரும்பவும் மாமாவின் பேர். அதையே சொல்லிச் சொல்லி நின்றார். எள்ளு முடிந்த பிறகும் வெறுந் தண்ணியை அள்ளி அள்ளி விட்டார். போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பின்னாலிருந்து ஆரோ ஈரத் துவாயைத் தோளில் போட்ட மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கோயில் கோபுரம் இல்லை. ஊர் இல்லை. கடற்பக்கமிருந்து மூடுபனியாய் வந்த புகார் எங்கள் தோளுக்கு மேலால் போய், முன்னால் இருந்த எல்லாவற்றையும் மூடிவிட்டது. மட்டி பொறுக்கிய சனத்தில் ஒருத்தரையும் காணவில்லை. அவர்களுக்குக் கடலின் நேரம் தெரியும், எப்போதோ திரும்பிப் போய்விட்டார்கள். எங்களுக்கு முதுகிலே கண்ணில்லை.

"வாருங்கோ, போவம்," என்றேன். கொஞ்சத் தூரம் நடந்திருப்போம். வரும்போது கணுக்கால் நனைத்த வாய்க்கால் இப்போது வேறு ஆளாக நின்றது. தண்ணி கரைப் பக்கமாக, எங்களை முந்திக்கொண்டு, சத்தமில்லாமல் ஓடியது. கடல் எங்களுக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைத்தால் அது முன்னாலும் வந்து நிற்கிறது. வந்த அடிச்சுவடுகளைத் தேடினோம், அவை தண்ணிக்குள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை.

"பயப்படாதையும். நான் கடற்கரை ஊர்ப் பிள்ளை," என்றார் இவர்.

"உங்கடை கடல் படிக்கட்டிலை நிக்கிற கடல்! இது ஓடுற கடல்!" என்று நான் கத்தினேன். கத்தி முடிக்கவும் அழுகை வந்துவிட்டது. மகள் அக்கா வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பாள்? மாமாவுக்கு எள்ளிறைக்க வந்து, அந்தப் பிள்ளையை ஒரே நாளில் தாயும் தகப்பனும் இல்லாததாக ஆக்கப் போகிறோமோ? ஆழமறியாமல் காலை விடாதே என்று அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பா. எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். தண்ணி முழங்காலுக்கு வந்தது. இவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் போவதும் நிற்பதும் திரும்புவதுமாக நின்றார்.

அப்போதுதான் அது கேட்டது. ஊ... என்று நீளமாக, அடித் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி. முதலில் எங்கேயோ மாடு கத்துகிறது என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தரமும் கேட்டது.

இவர் சிலையாக நின்றுவிட்டார்.

"சங்கு," என்றார். "இஞ்சரும், சங்கு ஊதுகினம்."

சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணிக்குள் நின்று, என் மனுசன் அழத் தொடங்கினார். எட்டு மாதமாக வராத அழுகை. விம்மி விம்மி, சின்னப் பிள்ளை மாதிரி, "அப்பா, அப்பா" என்று. அவருக்கு எங்கே நிற்கிறோம் என்கிற நினைப்பே இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஒழுங்கையில் நிற்கிறார், மாமாவைக் கொண்டுபோகிறார்கள், முன்னால் சங்கு போகிறது. ஆனால் தண்ணி தொடைக்கு வந்துவிட்டது.

"ஐயோ, நிண்டு அழாதேங்கோ! நடந்து நடந்து அழுங்கோ!" என்று வேட்டித் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

நடந்தோம். சங்கு ஊதும்போது சத்தம் வந்த பக்கம் நடப்பது, அது ஓயும்போது அசையாமல் நிற்பது. புகாருக்குள் சத்தம் ஒரு தரம் வலப்பக்கம் கேட்கும், மறு தரம் இடப்பக்கம் கேட்கும். ஆனால் அது விடவில்லை. மூச்செடுக்கிற இடைவெளி விட்டு விட்டு, திரும்பத் திரும்ப வந்தது. வாய்க்காலைக் கடக்கும்போது தண்ணி என் நெஞ்சுவரை. இவர் என்னை இடுப்போடு சேர்த்து அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். செம்பு கையிலிருந்து நழுவிப் போனது, போனால் போகட்டும். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பாசி பிடித்த கல்லு காலில் தட்டுப்பட்டபோது, நான் அதில் கையையும் ஊன்றி நாலு காலில் ஏறினேன்.

கல்லுச் சரிவின் மேலே வீட்டுக்காரி நின்றா. சங்கு வாயில். கன்னம் இரண்டும் தக்காளிப்பழம். ஒரு கக்கத்துக்குள் இவருடைய சப்பாத்தும் என் செருப்பும், மேசு செருகினபடியே.

எங்களைக் கண்டதும் சங்கை எடுத்துவிட்டு ஏசத் தொடங்கினா, பாருங்கோ! ஏச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. என் அம்மா ஏசினால் என்னென்ன சொல்வாவோ அவ்வளவும் அதில் இருந்தது. சப்பாத்தை நிலத்தில் எறிந்தா, கடலைக் காட்டினா, நெற்றியில் தட்டிக் காட்டினா, இவருடைய தோளில் ஒரு அடியும் போட்டா. பிறகு என்னை இழுத்து அணைத்து, தோல் உரியும்வரை முதுகைத் தேய்த்துவிட்டா.

இவர் இரண்டு கையையும் நீட்டினார். சங்கைத்தான் கேட்கிறார் என்று அவவுக்கு எப்படியோ விளங்கி, கொடுத்தா. வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்காரி ஏச்சை நிற்பாட்டிவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டே நின்றா. வாயில் சிகரெட் வைத்தவ, பற்றவைக்க மறந்துவிட்டா.

பின்னேரம் நான் சமைத்தேன். ஆடி அமாவாசைக்கு ஊரில் காத்தோட்டிக்காய் என்று ஒரு கசப்புக்காய் கட்டாயம் இருக்கும். லண்டனில் அதற்கு எங்கே போவது? பாகற்காய்தான். படைத்துவிட்டுக் காகத்துக்கு வைக்க வேண்டும், அந்த ஊரில் காகத்தையும் காணவில்லை. துறைமுகச் சுவரில் சோற்றை வைத்தோம். பெரிய வெள்ளைக் கடற்பறவை ஒன்று வந்து, கறியோடு ஒரே வாயில் விழுங்கிவிட்டு, தலையை இப்படியும் அப்படியும் உதறியது.

"அப்பாவும் பாகற்காய்க்கு இப்பிடித்தான் முகத்தைச் சுளிக்கிறவர்," என்று சொல்லிவிட்டு இவர் சிரித்தார். மாமா செத்த பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு.

வீட்டுக்காரி ஒரு வாளி நிறைய மட்டியைக் கொண்டுவந்து வைத்தா, தன் கையால் பொறுக்கினது. விரதம், இன்றைக்குத் தொடமாட்டோம் என்பதைக் கையால் சொல்லி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. அவ தோளைக் குலுக்கிவிட்டு, எங்களோடு இருந்து சோறும் பாகற்காயும் சாப்பிட்டா. கசப்பு ஏறினதும் ஒரு கண்ணை மூடினா, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. வெளியே கடல் திரும்பி வந்து சுவர்வரை நிரம்பி நின்றது. வள்ளங்கள் எழும்பி ஆடின. நாங்கள் நின்று எள்ளிறைத்த இடமெல்லாம் அந்தத் தண்ணிக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. நம்பவே ஏலாமல் இருந்தது.

லீவு முடிந்து வேலைக்குப் போனதும், என் சிநேகிதியிடம் இதை உருகி உருகிச் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சங்கு முந்தி வள்ளத்தில் ஊதினதாம். கடல் பின்வாங்கிப் பெரிய வற்று வந்து, புகாரும் மூடினால், அந்தக் கரையில் ஆராவது ஒருத்தர் ஊதுவது வழக்கமாம். பாரிசிலிருந்து வருகிற, கடலின் நேரம் தெரியாத விசரருக்காகச் சின்னம்மா வருசா வருசம் ஊதுகிறவவாம். அன்றைக்கும் வழக்கம்போல ஊதிவிட்டு (பாறைக்கு அப்பால் நின்ற எங்களுக்கு அது கேட்கவில்லை), எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று வீட்டுக்குத் திரும்பும்போதுதான் கல்லில் இரண்டு சோடியைக் கண்டாவாம். அந்த ஊரில் ஒருத்தரும் மணலில் இறங்கச் சப்பாத்துக் கழற்ற மாட்டார்கள். ஒழுங்காக வைத்திருந்த விதத்தைப் பார்த்ததும், இது திரும்பி வந்து போடுவோம் என்று நம்பிப் போனவர்களுடையது என்று விளங்கி, மறுபடி ஊதத் தொடங்கினாவாம். பிறகு இரண்டு நாளைக்கு அவவின் உதடு வீங்கியிருந்ததாம். அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. கன்னம் சிவந்ததைத்தான் பார்த்தோம்.

அன்று இரவு இவரிடம் சொன்னேன்.

"அப்பாவுக்கு ஊதினவையோ இல்லையோ, இனி நான் கேக்கமாட்டன்," என்றார். "ஆரெண்டு தெரியாத எங்களுக்கு ஒரு மனுசி உதடு வீங்க ஊதியிருக்கிறா. அப்பாவுக்கும் அங்கை ஆரோ ஒருத்தர் ஏதோ செய்திருப்பினம்."

அதன்பிறகு அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழவில்லை. இப்போது லண்டனில் எங்கடை சனத்தின் செத்த வீடுகளிலும் சங்கு ஊதுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஆரோ போகிறார்கள் என்று தலையைக் குனிகிறார்கள். நானும் குனிகிறேன், ஆனால் என் மனதுக்குள், இரண்டு சோடிச் செருப்பைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனுசி கரையில் நிற்கிறா, புகாருக்குள்ளால் ஆரோ கரைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.